ஈரம் படாமல் வைக்கவும்

"அந்த மூணாவது பாட்டுல வர்ற பொம்பளைக் குரல் இருக்கே, அதைக் கேட்டுட்டு நான் ரெண்டு நாள் சரியாச் சாப்பிடலை" என்று டிசைனர் பெண் சொன்னபோது டேப்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

வராமல் பின்னே? அப்படி ஒரு பாட்டு உலகத்திலேயே கிடையாது. அந்தப் பாட்டு இருக்கும் ஆல்பமும் கிடையாது. ஐந்து நிமிடத்துக்கு முன்னால் அவரே வாய்க்கு வந்ததைச் சொல்லி உண்டாக்கியது அது.

நடந்தது இதுதான். டேப்காரருக்குத் திரைச்சீலைக் கம்பெனி ஒன்றில் ஜன்னல் அளவெடுக்கும் வேலை. இடுப்பில் எப்போதும் அளவு டேப் தொங்குவதால் அலுவலகத்தில் அதுவே பெயராகிவிட்டது. சேர்ந்து இரண்டு மாதம். இன்னும் ஒரு மாதம் ஒழுங்காக ஓட்டிவிட்டால் வேலை நிரந்தரம். நிரந்தரமானவர்களின் வீட்டு ஜன்னல்களுக்கெல்லாம் கம்பெனியே இலவசமாகத் திரை போட்டுத் தரும். பழைய கடை மூடியதில் ஒரு வருஷம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த மனிதர் அவர். ஆகவே அந்த நிரந்தரக் காகிதத்தைக் கனவில்கூடத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கம்பெனியில் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு 'ஆல்பம் சுற்று' என்று ஒன்று உண்டு. முதலாளி எங்கோ ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டுவிட்டு வந்து ஆரம்பித்து வைத்தது. திரை விற்கிறவனுக்கு ரசனை வேண்டும், ரசனை வளர நல்ல இசை வேண்டும், அதுவும் சினிமாப் பாட்டு கூடாது, மாற்று இசை, நாட்டுப்புற இசை, ஆம்பியன்ட் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அதற்கப்புறம் ஒரு வெள்ளிக்கிழமைகூட அவர் அந்த அறைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. வாரம் ஒருவர் தனக்குப் பிடித்த ஆல்பத்தைக் கொண்டுவந்து போட, மற்றவர்கள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

டேப்காரர் ஊர் ஊராக ஜன்னல் அளக்கப் போய்விடுவதால் இதுவரை தப்பித்திருந்தார். அன்றைக்குத்தான் மாட்டினார்.

மேனேஜர் அம்மா தன் ஆல்பத்தைப் போட்டார். சத்தம் வரக்கூடாது என்று மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். "ம்ம்ம்ம்..." என்று ஒரு ரீங்காரம். இருபது நிமிடம் அதே "ம்ம்ம்ம்". நடுவில் எப்போதாவது "களக்" என்று ஒரு சத்தம். டேப்காரர் பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று காத்திருந்தார். முடிந்துவிட்டது என்றார்கள்.

"ஆம்பியன்ட்னா இதுதான். கேக்கிறோமான்னே தெரியாம கேக்கணும்" என்றார் மேனேஜர் அம்மா. எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். ஸ்டோர்க்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, டேப் சார், உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச ஆல்பம் எது?"

டேப்காரர் வாழ்நாளில் ஒரு ஆல்பத்தை முழுசாகக் கேட்டதில்லை. 'தெரியாது மேடம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் ஏழு பேர் முகத்தைப் பார்க்கும்போது அந்த வார்த்தை மட்டும் வாயில் வருவேனா என்கிறது! அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். மூலையில் துணி வந்த அட்டைப்பெட்டி. அதன் மேல் 'ஈரம் படாமல் வைக்கவும்'.

"'ஈரம் படாமல்' மேடம்."

"யாரோட ஆல்பம்?"

கதவுக்கு மேலே 'முதல் மாடி' என்று பலகை தொங்கியது.

"முதல் மாடிக் குழு."

ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். போச்சு, வேலை போச்சு என்று டேப்காரர் நினைத்தார். மேனேஜர் அம்மா மெல்லப் புருவத்தை உயர்த்தினார்.

"அட! முதல் மாடியா! காலேஜ் படிக்கிறப்போ நான் விடாமக் கேட்டது!"

"அதுல புல்லாங்குழல் ஒண்ணு வரும் பாருங்க" என்றார் ஸ்டோர்க்காரர். அதற்கப்புறம்தான் டிசைனர் பெண் மூன்றாவது பாட்டையும் இரண்டு நாள் பட்டினியையும் பற்றிச் சொன்னது.

டேப்காரரின் பயத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவருக்கு முன் இருந்த அளவுக்காரர் ஒரு வீட்டில் மூன்று ஜன்னலை அளக்காமலே அளந்ததாக எழுதிக் கொடுத்துவிட்டாராம். திரை முழங்காலோடு நின்றுவிட்டது. "எனக்குப் பொய் மட்டும் ஆகாது. அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிட்டேன்" என்று டேப்காரரை வேலைக்கு எடுத்த அன்றே மேனேஜர் அம்மா சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை காலையில் அவரே டேப்காரரின் மேஜைக்கு வந்தார்.

"அந்த ஆல்பத்தைத் திரும்பக் கேக்கலாம்னு நெட்ல தேடினேன். கிடைக்கவே இல்லையே?"

"அது கேசட்ல மட்டும்தான் வந்துச்சு மேடம். மொத்தமே நூறு கேசட்தான்" என்றார் டேப்காரர், விஷயம் இதோடு ஒழிந்தது என்று.

மேனேஜர் அம்மாவின் கண் விரிந்தது. "நூறுல ஒண்ணு உங்ககிட்ட இருக்கா? அப்ப இந்த மாசக் கடைசி வெள்ளிக்கிழமை உங்க முறை. கேசட்டை எடுத்துட்டு வந்துடுங்க."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

அடுத்த வெள்ளிக்கிழமை டிசைனர் பெண்ணின் முறை. அவளுடைய ஆல்பத்தில் ஒரு "கிர்ர்ர்" இருந்தது. அப்புறம் ஒரு மௌனம். அப்புறம் "டிங்" என்று மணி. மறுபடியும் "கிர்ர்ர்". மனித வாழ்க்கையின் ஏற்ற இறக்கம் என்றாள் அவள். எல்லாரும் ஆமாம் என்றார்கள். டேப்காரரும் ஆமாம் என்றார். முடிந்து வெளியே வரும்போது மேனேஜர் அம்மாவிடம் மெதுவாக ஒரு நூலை விட்டுப் பார்த்தார்.

"மேடம், அந்தக் கேசட்டை என் மச்சான் வாங்கிட்டுப் போயிட்டான். வெளியூர்ல இருக்கான்."

"எந்தப் பக்கம்?" என்றார் பின்னால் வந்த ஸ்டோர்க்காரர்.

"வடக்குப் பக்கம்."

"அட, நம்ம வேன் திங்கட்கிழமை வடக்கேதான் போகுது! விலாசம் குடுங்க, டிரைவரை வாங்கிட்டு வரச் சொல்றேன்."

இல்லாத கேசட்டை வாங்கிப் போன இல்லாத மச்சானுக்கு விலாசத்துக்கு எங்கே போவது? "வேண்டாம் வேண்டாம், அவனே நாளைக்கு வர்றான்" என்று சொல்லிவிட்டு டேப்காரர் மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக இறங்கினார். ஆக, கேசட் கைக்கு வந்துவிடும் என்று ஊர்ஜிதமாகிவிட்டது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை காலையில் அவர் இடுப்பில் டேப் இல்லை. குழப்பத்தில் வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார். அவர் மனைவி அதை எடுத்துக்கொண்டு கேட் வரை வந்துவிட்டாள்.

அவளுக்கு ஒரு டெலிபோன் கம்பெனியில் புகார் கேட்கும் வேலை. நாள் முழுக்க ஊராரின் குறைகளைத் தேனாகப் பேசிக் கேட்டுக்கொள்வாள். அவளுடைய குறைகளைக் கேட்க ஆள் இருப்பது வீட்டில்தான். அன்று கேட்டிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"டேப்காரர்னு பேரு, டேப்பை விட்டுட்டு வந்து நிக்கிறீங்க! தலையை மட்டும் எப்படி மறக்காம எடுத்துட்டு வந்தீங்க?"

வாட்ச்மேன் தன் நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு ரசித்தார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். அந்தக் கேட்டுக்கு நேர் மேலேதான் ஆல்பம் சுற்று நடக்கும் அறை.

அன்று மாலை ஸ்டோர்க்காரரின் நாட்டுப்புற ஆல்பம். நாற்பது ஐம்பது பேர் ஒரே சமயத்தில் எதையோ கத்தினார்கள். ஒருவர் மட்டும் தனியாக உச்சக் குரலில் இழுத்தார். "உழைக்கும் மக்களோட குரல்" என்று ஸ்டோர்க்காரர் சொன்னார். மேனேஜர் அம்மா, "அடுத்த வாரம் டேப் சார்!" என்று கை தட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் டேப்காரர் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"தெரியாதுன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"வாயில வரலையே!"

"அது சரி, இல்லாத ஆல்பத்தை அவங்க எப்படிக் கேட்டிருப்பாங்க?"

"அவங்கள்லாம் பெரிய ரசிகருங்க. ஆயிரம் கேட்டிருப்பாங்க. இதே மாதிரி ஏதோ ஒரு பேர்ல வேற ஒண்ணு இருக்கும்போல."

"நல்லா இருக்கு. இந்த ஜன்னலைப் பாருங்க" என்று அவள் கை காட்டினாள். ஜன்னலில் ஆணியடித்து ஒரு பழைய போர்வை தொங்கியது. "எதிர்வீட்டுக்காரருக்கு நம்ம வீட்டுல என்ன குழம்புன்னு பார்த்தே தெரியுது. வேலை போச்சுன்னா இந்தப் போர்வைதான் கடைசி வரைக்கும்."

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார் பேப்பரை மடித்தார். முப்பத்து நாலு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தச் சிக்கலுக்கும் அவரிடம் வழி உண்டு. அது சரியான வழியா என்பது வேறு விஷயம்.

"இதுக்கா மாப்பிள்ளை இப்படி இடிஞ்சு போயிட்டீங்க? ஆல்பம் இல்லைன்னா நாமளே பண்ணிடுவோம்."

"மாமா, அதுல புல்லாங்குழல் வேணும்."

மாமனார் சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்தார். ஓய்வு பெற்றாலும் அதை அவர் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஒலிப்பதிவு தொடங்கியது. துவைக்கும் இயந்திரத்தின் மேல் செல்போனை வைத்துப் பதிந்ததில் முதல் பாட்டு கிடைத்தது. இரண்டாவது பாட்டு மாமனாரின் விசில். ஆரம்பத்தில் மென்மையாகத்தான் ஊதினார். போகப் போகப் பழைய வேகம் வந்துவிட்டது. கடைசியில் தன்னை மறந்து "போலாம் ரைட்!" என்று கூவிவிட்டார்.

"மாமா!"

"பரவாயில்ல மாப்பிள்ளை, யாரு கவனிக்கப் போறா?"

மூன்றாவது பாட்டுக்குத்தான் வந்தது வினை. பெண் குரல் வேண்டும். மனைவி மாட்டவே மாட்டேன் என்றுவிட்டாள்.

"நான் என்ன பாடகியா? அதுவும் நாலு பேர் கேக்க! என்னை விடுங்க."

டேப்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அவள் துணி மடிக்கப் போனாள். கட்டிலின் மேல் ஈரத்துண்டு கிடந்தது. யார் போட்டது என்று கேட்க வேண்டியதில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அது அங்கேதான் கிடக்கிறது. கோபம் வந்தால் அவள் பாட்டாகவே திட்டுவாள், அப்போதைக்கு அப்போது கட்டி. ஆபீசில் நாள் பூராவும் தேனாகப் பேசுகிற வாய்க்கு வீட்டில் அப்படி ஒரு விடுதலை.

"ஊரு ஜன்னல் அத்தனையும் அளந்து வந்த மகராசா,
நம்ம வீட்டு ஜன்னலிலே போர்வை தொங்குது தெரியலையா?
ஈரத்துண்டைக் கட்டில் மேலே எறிஞ்சுவிட்டுப் போறவரே,
துண்டு காயும் வெயில் பட்டா, என் கோபம் காய என்ன வழி?"

டேப்காரர் செல்போனோடு கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் பாட்டை அவர் காதில் வாங்கியதே இல்லை. திட்டு என்றுதான் நினைத்திருந்தார். இவ்வளவு இனிமையான குரலா இவளுக்கு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் முடிக்கும் வரை கேட்டுவிட்டு, போய் அந்தத் துண்டை எடுத்துக் கொடியில் போட்டார்.

பதிவு செய்ததைச் சொன்னபோது அவள் அடிக்கத்தான் வந்தாள். போட்டுக் காட்டியதும் சிரித்துவிட்டாள்.

"நானா இது? பரவாயில்லையே! ஆனா அந்த முதல் வரியை எடுத்துடுங்க. ஊரு ஜன்னல் அளக்கிறவர்னா வேற யாரு? அப்பட்டமா உங்களைச் சொல்ற மாதிரி இருக்கு."

நியாயமான பேச்சு. "வெட்டுறதுதானே? நான் எத்தனை டிக்கெட் கிழிச்சிருக்கேன்!" என்று மாமனார் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். வாரம் முழுக்கக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு செல்போனைத் தட்டிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை காலையில் பென்டிரைவை நீட்டினார்.

"சுத்தமா முடிச்சுட்டேன் மாப்பிள்ளை. தைரியமாப் போங்க."

நாலு மணி. மின்விசிறி நின்றது. ஜன்னல் திறந்தது. கேசட் எங்கே என்று கேட்டதற்கு, நாடா அறுந்துவிடும் என்று பயந்து பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்ததாக டேப்காரர் சொன்னார். எத்தனையாவது பொய் என்று அவருக்கே எண்ணிக்கை தவறிவிட்டது.

துவைக்கும் இயந்திரம் சுற்றியது. எல்லாரும் கண்ணை மூடினார்கள். விசில் ஊதியது. "போலாம் ரைட்!" என்று அறை அதிரக் குரல் வந்ததும் கடைசி வரிசையில் ஒருவர் தூக்கிவாரிப் போட்டு எழுந்து நின்றுவிட்டார்.

"பயணத்துக்கான அழைப்பு" என்று முணுமுணுத்தார் மேனேஜர் அம்மா.

மூன்றாவது பாட்டு தொடங்கியது. "ஊரு ஜன்னல் அத்தனையும் அளந்து வந்த மகராசா..."

டேப்காரருக்குக் கண் இருட்டியது. வெட்டச் சொன்ன வரி அப்படியே இருந்தது. இருந்தது மட்டுமா? அடுத்த வரி வர வேண்டிய இடத்தில் மறுபடியும் "ஊரு ஜன்னல் அத்தனையும்..." வந்தது. மூன்றாவது தடவையும் வந்தது. வெட்டுகிறேன் வெட்டுகிறேன் என்று மாமனார் ஒட்டியிருக்கிறார்! டேப்காரர் இடுப்பில் தொங்கிய டேப்பை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். யாராவது கண்ணைத் திறந்து அதைப் பார்த்துவிட்டால் கதை கந்தல்.

பாட்டு முடிந்தது. கண்ணைத் திறந்த மேனேஜர் அம்மாவின் கன்னத்தில் நிஜமாகவே கண்ணீர் இருந்தது.

"டேப் சார்."

"மேடம்..."

"ஜன்னலைப் பத்தி ஒரு பாட்டு. நம்ம கம்பெனிக்குன்னே எழுதின மாதிரி இருக்கு. அதுவும் அந்த வரியை மூணு தடவை கொண்டு வந்தாங்க பாருங்க, எப்பேர்ப்பட்ட மூளை! இத்தனை வாரத்துல என் மனசைத் தொட்டது இது ஒண்ணுதான்."

"நான் சொன்னேன்ல, அந்தக் குரல்!" என்று டிசைனர் பெண் மூக்கை உறிஞ்சினாள்.

"புல்லாங்குழலும்தான்" என்றார் ஸ்டோர்க்காரர்.

மேனேஜர் அம்மா ஒரு உறையை எடுத்து நீட்டினார். "இன்னையிலேருந்து நீங்க நிரந்தரம். உங்க வீட்டு ஜன்னல் அளவை மட்டும் எழுதிக் குடுங்க, திங்கட்கிழமையே திரை தைச்சிடலாம்."

வீட்டு ஜன்னல் அளவு டேப்காரருக்குத் தெரியாது. அதை அவர் அளந்ததே இல்லை. ஆனாலும் மனசு துள்ளியது. மாடிப்படி இறங்கும்போது மனைவிக்குப் போன் போட்டார். அவள் கத்திய கத்தலில் பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லாம் புகார் கேட்பதை நிறுத்தியிருப்பார்கள்.

கேட் வரை வந்ததும் கால் நின்றுவிட்டது. எனக்குப் பொய் மட்டும் ஆகாது என்று சொன்ன அம்மா, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு உறையை நீட்டிய காட்சி திரும்பத் திரும்ப வந்தது. நல்ல மனுஷி. இந்தப் பொய்யின் மேல் ஏறி உட்கார்ந்து சம்பளம் வாங்கினால் உடம்பில் ஒட்டுமா? திரை வந்தால் அதைப் பார்க்கும்போதெல்லாம் உறுத்தாதா? வேலை போனாலும் போகட்டும், சொல்லிவிட வேண்டியதுதான். அவர் திரும்பினார்.

"என்ன சார், எதையாவது மறந்துட்டீங்களா? டேப் இடுப்புலதான் இருக்கு" என்றார் வாட்ச்மேன்.

"மேனேஜர் அம்மாகிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும். அந்த ஆல்பம்... அது நிஜ ஆல்பம் இல்ல. எங்க வீட்டுல பண்ணினது."

"தெரியும். அன்னிக்கு இந்தக் கேட்டுல நின்னு உங்களைக் காய்ச்சி எடுத்தாங்களே, அதே குரல். மேலே பாட்டு வந்ததும் கண்டுபிடிச்சுட்டேன்."

டேப்காரருக்கு வியர்த்துவிட்டது. "அப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குமோ? அதுக்கு முன்னாடி நானே போய்ச் சொல்லிடறேன். வழியை விடுங்க."

வாட்ச்மேன் வழி விடவில்லை. எழுந்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, டேப்காரரின் தோளில் கை போட்டார்.

"பேசாம வீட்டுக்குப் போங்க சார். மேனேஜர் அம்மா போட்டது நம்ம தண்ணி மோட்டாரு, டிசைனர் பொண்ணு போட்டது நம்ம லிஃப்ட்டு, ஸ்டோர்க்காரர் போட்டது எதிர்ச் சந்தையில நடக்கிற மீன் ஏலம். மூணு மாசமா இங்கயே உட்கார்ந்து கேக்கிறேன், நிஜமாவே ஒருத்தங்க வாயைத் திறந்து பாடினது இன்னைக்குத்தான்!"